உங்கள் சட்டம் நம் தெருவுக்கு வந்திருக்கிறது

திங்கட்கிழமை, டிசம்பர் 14

அன்புள்ள சபினுக்கு,

சவேதா எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? புக்கரெஸ்டில் அந்த லிஃப்டைச் சரிசெய்தார்களா, இல்லை இன்னும் ஐந்து மாடி ஏறிக்கொண்டிருக்கிறீர்களா?

முதலில் ஒரு விஷயம். உங்கள் தம்பி தோடர் வெள்ளிக்கிழமை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்திருக்கும். வருஷா வருஷம் வருகிற சாசேஜ்தான். அதைப் பிரிக்காதீர்கள். புதன்கிழமை விவசாயக் குழுவுக்கு நீங்கள் வைக்கிற விருந்து மேசைக்கு அது போகவே கூடாது. குழுவில் பாதிப் பேர் வீட்டில் பன்றி வளர்க்கிறவர்கள். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள். பொட்டலத்தைக் கயிற்றோடு அப்படியே எரித்துவிடுங்கள். தின்றால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, அது உங்களுக்கே தெரியும். பன்றிகளுக்குத்தான் ஆகும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் போனை உதவியாளர் எடுக்கிறார். அவருக்குத் தெரிந்தால் பாராளுமன்றத்துக்கே தெரிந்த மாதிரி. இன்னொன்றும் உண்டு. என் குரல் கொஞ்சம் நடுங்கினாலும் நீங்கள் "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்வதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தையும் இன்று ராத்திரி பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் இருபது, கிறிஸ்துமஸ் பன்றி வெட்டுகிற இக்னாத் நாளுக்கு முன்னால் நம் ஊரில் யாரும் பன்றி மேல் கத்தி வைப்பதில்லை. தோடர் இந்த வருஷம் ஆறாம் தேதியே வெட்டிவிட்டான். அவன் மகள் இத்தாலியிலிருந்து சீக்கிரம் வருகிறாளாம், அதனால்தானாம். அவள் இன்னும் வரவில்லை. பிடித்துக்கொள்ளக்கூட அவன் அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் போனபோது மயிர் பொசுக்குகிற வைக்கோலை அளவுக்கு மேல் போட்டு, தோலைக் கரிக்கட்டை மாதிரி கருக்கி வைத்திருந்தான். "என்னப்பா, பன்றியைச் சுட்டியா, கரி போட்டியா?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். நானும்தான் சிரித்தேன். வழக்கம்போல வறுத்த கறி, மக்காச்சோளக் களி, பிளம் சாராயம். தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது.

பாத்திரம் கழுவியது நான். எதிர்வீட்டு லியானா, புருஷன் போன பிறகு ஒரே ஒரு தாய்ப்பன்றியை வைத்துக் காலம் தள்ளுகிறாளே, அவள் கழுநீர் வாளி கேட்டாள். கறித்துண்டும் கொழுப்புமாக இருந்தது. "எடுத்துக்கோ, உன் ராணிக்கு இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு" என்று என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும், வீட்டுச் சமையல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடாதீர்கள் என்று உங்கள் படத்தோடு அச்சடித்த அந்தத் துண்டுப் பிரசுரம் நம் சமையலறைக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. அதில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

சனிக்கிழமை லியானாவின் பன்றி தீனியைத் தொடவில்லை. நேரே தோடரின் தொழுவத்துக்குப் போய்க் கேட்டேன். முதலில் முறைத்தான். பிறகு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாளா திங்கல அண்ணி. காது நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. சொன்னா ஊர்ப் பன்றி எல்லாத்தையும் கொன்னுருவாங்க. அண்ணன் போட்ட சட்டத்துல அண்ணன் வீட்டுப் பன்றியே மாட்டுச்சுன்னா அவரு பேரு என்னாவுறது?" என்றான். அந்த நீலம் யார் கண்ணிலும் படாமல் உங்கள் பேரைக் காப்பாற்றத்தான் கறுக்கச் சுட்டானாம். அந்த மடையன் பொய் சொல்லவில்லை, சபின். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று முழுக்க உங்கள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷமாகப் பத்திரிகையில் வந்ததெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறேனே, அது. பள்ளிக்கூடங்களுக்குப் பால், வீட்டில் செய்த பாலாடைக்கட்டியைச் சந்தையில் விற்கிற உரிமை, எல்லாம் நீங்கள் சண்டை போட்டு வாங்கியவை. மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் இருக்கிறது. அங்கே அந்தக் காய்ச்சல் வந்ததும் உங்கள் சட்டப்படி ஒரே காலையில் எல்லாப் பன்றியையும் கொன்றார்கள். ஒரு பெண் உங்கள் கார் மேல் தீனி வாளியை வீசினாள். நீங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் சபையில் எழுந்து, எல்லா வாசலுக்கும் ஒரே சட்டம்தான் என்று பேசினீர்கள். அந்த வரியின் கீழ் நான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

இன்று காலை கால்நடை டாக்டர் ஒப்ரியாவைக் கூப்பிட்டுவிட்டேன். என் பேரைச் சொல்லித்தான். தோடர் என்னோடு பேசுவதில்லை. டாக்டர் வந்து லியானாவின் பன்றியிடம் இரத்தம் எடுத்தார். நவம்பரில் தெரு முழுக்கச் சோதனை போட்டீர்களே, அப்போது தோடர் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். நெளிந்தார். "எம்.பி. ஐயா குடும்பத்துத் தொழுவத்துல நான் எப்படிம்மா திடுதிப்புனு நுழையறது?" என்றார். ஐயா வேண்டாம் என்றாரா என்றேன். "அவரு ஒண்ணும் சொல்லலைங்க. அவரு சொல்லணுமா என்ன?" என்றார்.

இதை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் வாயே திறக்காமல் நம் வீட்டு வாசலில் உங்கள் சட்டம் நின்றுபோயிருக்கிறது.

நாளை மாலை முடிவு வரும். டாக்டர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. புதன் காலை வெள்ளை உடுப்புக்காரர்கள் பன்றிகளைக் கொல்ல வருவார்கள். நம் தெருவில் மட்டும் முப்பத்தொரு பன்றி. நம்முடைய இரண்டும் அதில் சேர்த்தி. லியானா தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. மதியம் ரொட்டி கொண்டுபோனேன். "எம்.பி. நம்ம மனுஷன்தானே சவேதா, அவரு ஒரு வார்த்தை சொன்னா என்னுதை விட்டுருவாங்கல்ல?" என்று கேட்டாள். வாளி கொடுத்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை உங்களுக்கு வாக்கெடுப்பு இருக்கிறது. எதிர்க்கட்சிக்கு இது தெரிந்தால் உங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். பன்னிரண்டு வருஷமும் போய்விடலாம். என்னால்தான் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் நினையுங்கள்.

முடிந்தால் புதன் காலை வந்து லியானா வீட்டு வாசலில் என் பக்கத்தில் நில்லுங்கள். அவள் வாளியை வீசினால் நம் இரண்டு பேர் மேலும் படட்டும். வர முடியாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், சத்தியமாக. சூடாக ஏதாவது சாப்பிடுங்கள், கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதீர்கள். மாதா உங்களைக் காப்பாள்.

டாக்டர் ஒப்ரியாவுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள்.

உங்கள்,
சவேதா