வெள்ளைச் சாயம் தொடாத ஓவியன்

நாகல் நகர்,
திண்டுக்கல்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ கன்னியர் மடத்தில் சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாக ‘மதிப்பிற்குரிய சிஸ்டர்’ என்றே எழுதிய கை, இன்று உன் பெயரை எழுதுகிறது.

இங்கே இருவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை இல்லாததால் கடையில் பெயின்ட் விற்பனை பரவாயில்லை.

இத்தாலியிலிருந்து நீ போட்ட ஆறு பக்கக் கடிதம் கிடைத்தது. உன்னைப் பற்றி நாலே வரி. மீதியெல்லாம் உங்கள் மடத்து வராந்தாவில் தொங்கும் படங்களை நூற்றைம்பது வருடம் முன்பு வரைந்த பெரோண்டி என்பவனைப் பற்றி. பெரிய பெயர் வாங்காதவன், ஆற்றில் துணி துவைக்கும் பெண்களையே நீர்வண்ணத்தில் வரைந்தவன், வெள்ளைச் சாயத்தைத் தொடவே மாட்டான், வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவான் என்று எழுதியிருந்தாய். வெள்ளை பெயின்டை டின் டின்னாக விற்கிறவன் மண்டையில் இது ஏறவே இல்லை.

ஆனால் அவன் துறவு மடத்தை விட்டு வந்தவன், பெற்ற அப்பனே கதவைத் திறக்கவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றாவது இடத்தில்தான் நீ யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று எனக்கு உறைத்தது.

உன் பயத்துக்குக் காரணம் நான்தான். பாதிரியாராகப் படிக்கப் போன என் தம்பி மகன் ஆண்டனிராஜ் குருமடத்தை விட்டு வந்தபோது, குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டான் என்று கோயில் வாசலில் வைத்துத் திட்டினேன். விடுமுறைக்கு வந்திருந்த நீ பக்கத்திலேயே நின்றாய். அவன் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. நேற்று செம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தான், முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

நீ மடத்தை விட்டு வர நினைப்பதை அம்மாவிடம் தயங்கித்தான் சொன்னேன். “பிள்ள அம்புட்டு தூரத்துல தனியா அழுதிருக்கு. நீங்க இங்க கௌரவத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முடிவு உன்னுடையது. அங்கே இருக்க மனம் இருந்தால் இரு. முடியவில்லை என்றால் வந்துவிடு. ஊர் பேசும். அதைக் கடையில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொள்கிறேன். எந்த உடையில் வந்தாலும் சரி, மதுரை விமான நிலையத்தில் உன் பையை வாங்கிக்கொள்ள நான் நிற்பேன்.

ஆரோக்கிய மாதா உனக்குத் துணை இருக்கட்டும். அப்பாவுக்குப் பயப்படாதே தாயி.

உன் அப்பா,
ஆரோக்கியதாஸ்