குவேவர் என்றால் நடுக்கம்

செப்டம்பர் 6, 1994, செவ்வாய்

கோடைக்குப் பிறகு பாடகர் குழுவின் முதல் ஒத்திகை. கார் சாவியைத் தேடி ஹெட்லி வீட்டையே தலைகீழாக்கினான். சாவி அவன் கோட்டுப் பையில்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருடக் கணவன், கொஞ்சமும் திருந்தவில்லை.

டிசம்பர் கச்சேரி மலரில் வழக்கம்போல எனக்கு ஒரு பக்கம். வருடத்துக்கு ஒரு இசைச் சொல்லின் கதை. இந்த வருடம் 'குவேவர்'. நூலகத்தில் வேலை பார்ப்பதில் ஒரு லாபம், பெரிய அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எப்போதும் என் பக்கத்தில் பாடும் ப்ரெண்டா, எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். "முட்டி வலிடி தெல்மா, காலை நீட்டணும்" என்றாள். பாவம்.

செப்டம்பர் 14

பாடுகிறவர்களுக்கு குவேவர் ஒரு சுரக்குறி. கறுப்புத் தலை, காம்பு, காம்பின் நுனியில் ஒரு வால். முழுச் சுரத்தின் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. அகராதியோ சதுப்பு நிலத்தில் ஆரம்பிக்கிறது! காலை வைத்தால் தளதளவென்று அசையும் சேறு, அதிரும் பூமி, பயத்தில் உதறும் உடம்பு எல்லாவற்றுக்கும் 'குவேவ்' என்று ஒரு பழைய வினைச்சொல் இருந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் குவேவர்.

பிறகு அது தொண்டைக்குள் ஏறியது. நானூறு வருடத்துக்கு முன்னால், சுரத்தை வெறுமனே நேராகப் பிடிக்காமல் குலுக்கி அசைத்துப் பாடுவதற்கு அதுதான் பெயர். "அவள் நன்றாக குவேவர் செய்கிறாள்" என்றால் பாராட்டு. அப்படி நடுக்கிப் பாடிய குட்டிச் சுரங்களிலிருந்துதான் தாளில் எழுதும் குறிக்கும் பெயர் வந்தது போலிருக்கிறது.

ஹெட்லியிடம் படித்துக் காட்டினேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதையேன் எடுத்தே? வேற சொல்லே கிடைக்கலயா?"

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

செப்டம்பர் 27

எங்கள் புது இசை நடத்துநர் டோபி அறிவித்துவிட்டார். அறுபது தாண்டிய எல்லோரும் அவர் முன்னால் தனியாகப் பாடிக் காட்ட வேண்டுமாம். நிர்வாகக் குழு முடிவு. ஹெட்லியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டேன். "அது சும்மா ஒரு சடங்குதான், விடு" என்றான்.

அக்டோபர் 5

அடுப்படியில் பயிற்சி. மேல் சுரத்தில் ஏதோ பிடி நழுவுவது போல இருந்தது. ஹெட்லி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். "எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லு."

"மணி அடிச்ச மாதிரி இருக்கு."

அதன்பிறகு எனக்கென்ன கவலை.

அக்டோபர் 11

முடிந்தது.

அக்டோபர் 12

நேற்று எழுத முடியவில்லை. கை ஆடியது. (இதற்கும் அந்தச் சொல்தான்.)

டோபி மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. பாடி முடித்ததும் பியானோவை மெதுவாக மூடினார். "மிஸஸ் க்ராஸ்லி, உங்களால குழுவுக்கு எவ்வளவோ நல்லது நடந்திருக்கு. ஆனா மேல போகும்போது குரல் ஆடுது. இது உங்களுக்குப் புதுசு இல்லையே? ஹெட்லி ரெண்டு வருஷம் முன்னாடியே கமிட்டில சொல்லிட்டாராமே. உங்க மனசு நோகாம நாங்களே சொல்லிடணும்னு கேட்டுக்கிட்டார். உங்ககிட்டயும் பேசியிருப்பார்னு நினைச்சேன்..."

என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும் நான் அங்க நின்னு வாயைத் திறந்தேனே. எல்லாருக்கும் தெரியும். ப்ரெண்டாவுக்குத் தெரியும். முட்டி வலியாம் முட்டி வலி! நான் கிறுக்கச்சி மாதிரி அவளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்லியிடம் கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கமிட்டில கேட்டாங்க தெல்மா. என்னால பொய் சொல்ல முடியல."

"அங்க முடியல. இங்க முடிஞ்சுதா?"

"உன் முகத்தைப் பார்த்துட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல."

"முகத்தைப் பாக்காம சொல்லியிருக்கலாமே! கிழங்கு உரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாமே!"

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. குரல் போனது போகட்டும், வயதானால் போகத்தான் செய்யும். ஆனால் என் காதைவிட அவன் காதைத்தானே நம்பினேன்? இனி அவன் சூப் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட நான் எப்படி நம்புவது?

அக்டோபர் 13

பின்னறையில் படுக்கை போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 25

ப்ரெண்டா கேக்கோடு வந்தாள். "நான்தான் அவன்கிட்ட முதல்ல சொன்னேன்டி. பக்கத்துல நிக்கிறவளுக்குத்தானே முதல்ல கேக்கும். நீயே சொல்லிடு ஹெட்லின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." அப்புறம், ஒத்திகை இடைவேளையில் தேநீர் ஊற்ற ஆள் தேவைப்படுவதாகவும் சொன்னாள். "அப்படியாவது எங்ககூட இருக்கலாம்ல?"

கேக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டேன்.

நவம்பர் 9

மலருக்கான பக்கத்தைக் கேட்டுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். தரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் விட்டிருந்த கடைசிப் பொருளையும் சேர்த்து எழுதினேன்: 'இன்று இந்தச் சொல் பெரும்பாலும் அழப்போகிறவர்களின் குரலுக்கும் முதியவர்களின் குரலுக்கும் வழங்குகிறது. சொல் மாறவில்லை. கேட்கிறவர்கள்தாம் மாறினார்கள்.'

செயலாளர் படித்துவிட்டு, "கடைசி வரி கொஞ்சம் காரமா இருக்கே?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 20, ஞாயிறு

ஷெஃபீல்டில் இத்தனை காலம் இருந்தும், மேட்டுக் கிராமத்து பப்பில் ஞாயிறு மத்தியானம் பாடுவதைக் கேட்கப் போனதே இல்லை. எங்கள் குழுவில் அதைக் 'குடிகாரக் கச்சேரி' என்பார்கள். இன்று பேருந்து ஏறிப் போனேன். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கே தெரியாத கிறிஸ்துமஸ் பாட்டுகள். கையில் பீர் கோப்பை, தாளில்லை, நடத்துநரில்லை. ஜன்னலோரம் நின்ற பருமனான அம்மாள், "நீ என்ன குரல், மேலா கீழா?" என்றாள்.

"குரல் போச்சுங்க. ஆடுது."

"இங்க ஆடாதது எது? இந்த மேசையைப் பாரு. இப்படி வா, என் பக்கத்துல நில்லு."

நின்றேன். முதல் பாட்டில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதில் திறந்தேன்.

டிசம்பர் 10

ஹெட்லி கச்சேரிக்கான கறுப்புக் கோட்டைத் தானே தேய்த்துக்கொண்டான். கையில் சுட்டுக்கொண்டான். வெண்ணெய் தடவிக்கொள்ளப் போனவனைப் பச்சைத் தண்ணீரில் காட்டச் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

டிசம்பர் 18, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. நான் போகவில்லை. நன்றாக நடந்ததாம்.

இன்று பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினேன். "நானும் வரட்டுமா?" என்றான் ஹெட்லி. கார் சாவியை எடுக்கவில்லை. நான் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பப்பில் அவனைக் கணப்பருகே ஆண்களோடு நிறுத்திவிட்டார்கள். நான் என் ஜன்னலோரம். நல்ல கூட்டம், கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் ஆவி படிந்துவிட்டது. வாய்விட்டுப் பாடினேன். ஒருமுறை அவன் பக்கம் பார்த்தேன். அவன் பாடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி சரிவில் இறங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னான்:

"கடைசிப் பாட்டுல உன் குரல் ஆடுச்சு தெல்மா. நல்லாவே ஆடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"எந்த இடத்துல?" என்று கேட்டேன்.