உன் முகவரிக்கு வந்த பதில்

பழைய கைப்பையில் பஸ் பாஸைத் தேடியபோது நான்காக மடித்த ஒரு தாள் கையில் வந்தது. இலக்கிய ஏஜெண்டுக்கு அனுப்ப நான் முதன்முதலில் எழுதிய கடிதம். 'தவறு இருந்தால் மன்னிக்கவும், நான் புதியவள்' என்ற முதல் வரியை நீ சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ப்ரூஃப் பார்ப்பவர்கள் போடும் நீக்கல் குறியைப் போட்டிருக்கிறாய். கீழே சின்ன எழுத்தில்: 'உள்ளே வரும்போதே மன்னிப்பு கேட்காதே.'

கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கே எழுதுகிறேன்.

தி. நகரில் பள்ளிக்கூட கைடு புத்தகங்கள் போடும் அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வாரம் யாரிடமும் பேசவில்லை. செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன், குனிந்த தலை நிமிராமல் ப்ரூஃப் பார்ப்பேன், டிபன் பாக்ஸை மடியில் வைத்துச் சாப்பிடுவேன். பக்கத்து மேசை நீ. மூன்று வயது மூத்தவள் என்பதால் உன்னை வாங்க போங்க என்றேன். "இன்னொரு தடவை வாங்கன்னு சொன்னா பத்தாங்கிளாஸ் கணக்கு கைடு முழுக்க உன் தலையிலதான்" என்றாய். அன்றிலிருந்து வா, போ.

வீணாய்ப் போன ப்ரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் நான் நாவல் எழுதுவதையும் நீதான் கண்டுபிடித்தாய். அடையாற்றங்கரையில் எங்கள் வீடுகளை இடித்த நாளையும், எங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கியதையும் அம்மாவின் பேச்சிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கட்டு முழுவதையும் மயிலாப்பூரில் உன் வீட்டுக்கு எடுத்துப்போனாய். மூன்றாம் நாள் கண்கள் வீங்கி வந்தாய். "இதை இங்கிலீஷ்ல கொண்டு போகணும்டி. நான் பண்றேன்."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆங்கிலம் எனக்குப் பரீட்சைக்கு மட்டும் வந்துபோன மொழி. உனக்கு அது வீட்டில் புழங்கியது. சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மஞ்சேரிக்கு வந்து, எங்கள் ஒற்றை அறையில் தரையில் உட்கார்ந்து அம்மாவைப் பேசவிட்டுக் குறிப்பெடுத்தாய்.

"எங்க வூட்டு இடிஞ்ச கதைய இங்கிலீசுல போட்டு யாருக்கும்மா காட்டப் போற?" என்று அம்மா கேட்டாள்.

"டெல்லியில ஒரு மேடம் இருக்காங்கம்மா. படிச்சுப் பார்த்து, நல்லா இருந்தா புத்தகம் போடறவங்ககிட்ட கொண்டுபோவாங்க."

"அவங்களுக்கு வேற வேல இல்லியா?"

"அதுதாம்மா அவங்க வேலையே."

"இன்னா வேலயோ போ," என்று சொல்லிவிட்டு அம்மா உனக்கு மட்டும் இரண்டாவது தடவை டீ ஊற்றினாள்.

இருநூறு பக்கத்தில் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் மொழிபெயர்த்தாய். "அவங்க என்ன கேக்கறாங்களோ அதை மட்டும் அனுப்பு. நாலாவது அத்தியாயம்தான் சூப்பர்னு சொல்லி அதையும் சேர்க்காதே" என்றாய். ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தில் முடிவை நான் மறைத்திருந்தேன். முடிவைச் சொல்லிவிட்டால் யார் படிப்பார்கள் என்று முதல் தடவையாக உன்னோடு சண்டை போட்டேன். "அவங்க சினிமா பாக்க வரலடி, வீடு பாக்க வந்திருக்காங்க. எல்லா ரூமையும் திறந்து காட்டு." பலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பக் கூடாது, பெயரில் ஓர் எழுத்து பிசகக் கூடாது, அனுப்பிய பிறகு தொந்தரவு செய்யக் கூடாது. எல்லாம் நீ சொன்னவை. எங்கே கற்றாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் கடிதத்தின் அடியில் தொடர்பு முகவரி போட வேண்டிய இடம் வந்தது. யாராவது ஆங்கிலத்தில் பதில் போட்டால் நான் என்ன எழுதுவேன்? போன் பண்ணிவிட்டால்? "உன் மெயில் ஐடியே குடு" என்று கெஞ்சினேன். நீ இரண்டு தடவை வேண்டாம் என்றாய். அதையும் எழுதியாக வேண்டும். மூன்றாவது தடவை உன் முகவரியைத் தட்டினாய். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு காத்திருந்தோம். பன்னிரண்டு வாரம் பதில் இல்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என அவர்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருந்தது. திங்கட்கிழமை தோறும் மேசைக்கு வந்ததும் உன்னைப் பார்ப்பேன். நீ தலையை மட்டும் ஆட்டுவாய். ஆறாவது வாரத்திலிருந்து என் பக்கம் திரும்பாமலே ஆட்டினாய். உனக்கும் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது வாரம் முடிந்த மாலை மயிலாப்பூருக்குக் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கித் தந்தாய். குளத்துப் படியோரம் நின்று குடித்தோம். "வேண்டாம்னு சொல்றவங்க சொல்ல மாட்டாங்கடி, சும்மா இருந்துடுவாங்க. இங்க இதுதான் வழக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாய். நான்தான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "விடு, என் புக்குதானே போச்சு, நீ ஏன் அழற?" என்று சிரிக்கக்கூட வைத்தேன். அந்தக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவுக்கு மேலே போட்டேன். இரண்டு வருடம் ஒரு வரி எழுதவில்லை.

நீ ஐந்தே நாள் காய்ச்சலில் போனாய். பதினாறு முடிந்து உன் அம்மா கூப்பிட்டார்கள். "அவ லேப்டாப்ல போட்டோ எல்லாம் இருக்கும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. காப்பி பண்ணிக் குடுக்கறியா?" என்றார்கள். உன் அறையில், உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்து வைத்தார்கள். படங்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, அந்த மூன்று அத்தியாயங்களின் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொள்ளலாமே என்று உன் மெயிலில் ஏஜெண்டின் பெயரைத் தேடினேன்.

நாம் அனுப்பியதற்குப் பிறகு மூன்று கடிதங்கள் இருந்தன.

முதலாவது, ஐந்தாவது வாரத்தில் ஏஜெண்ட் எனக்கு எழுதியது. நான்கு பத்தி. அம்மா புல்டோசர்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார். முழு மொழிபெயர்ப்பும் எப்போது தயாராகும் என்று கேட்டிருந்தார். இரண்டாவது, அதே நாளில் அவரே உனக்கு எழுதியது. உன் நாவல் தங்களுக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு வரி. நீயும் நாவல் எழுதுகிறாய் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது, ஒரு வாரம் கழித்து நீ அவருக்கு எழுதியது. 'ஆசிரியர் மிகுந்த கூச்ச சுபாவம் உள்ளவர். யோசித்துப் பார்த்து, குடும்பம் வெளியே தெரிவதை விரும்பாமல் பிரதியைத் திரும்பப் பெறுகிறார். மன்னிக்கவும்.'

உன் அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். "அழாதேம்மா. அந்த நாற்காலியப் பாத்தா எனக்கும் இப்படித்தான் வருது" என்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் நிமிரவில்லை.

உன் நாவலின் கோப்பும் அங்கே இருந்தது. திறக்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை. நன்றாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

பொறாமை வந்திருந்தால் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், மறுபடியும் உன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துச் சாப்பிட்டிருப்பேன். பதிலை மறைத்ததைக்கூட என்றாவது விழுங்கிவிடுவேன் என்று தோன்றுகிறது. என் கூச்சத்தை எடுத்து ஒரு அன்னியருக்குக் காரணமாக எழுதினாயே, அதை விழுங்க முடியவில்லை. நான் உன்னை நம்பி உன்னிடம் மட்டும் காட்டியது அது. அம்மா தன் கதையைச் சொல்ல வெட்கப்பட்டதே இல்லை. அவளையும் சேர்த்து வாயை மூடிவிட்டாய்.

நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள்கூட, "மறுபடி எழுத ஆரம்பிடி" என்றாய். அதை என்ன நினைத்துச் சொன்னாய்? பதினோரு மாதம் இந்தக் கேள்வியோடு பஸ்ஸில் போய் வந்தேன்.

போன மாதம் நானே அந்த ஏஜெண்டுக்கு எழுதினேன். என் முகவரியிலிருந்து, என் ஆங்கிலத்தில், ஆறு வரி. 'பிரதியைத் திரும்பப் பெற்றது என் முடிவு அல்ல. புத்தகம் இன்னும் இருக்கிறது.' உன் பேச்சையும் மீறித்தான் எழுதினேன், வேண்டாம் என்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பாயே. அவர்கள்தான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நினைவிருக்கிறதாம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மீதியையும் அதே மொழிபெயர்ப்பாளர்தானே செய்வார், அந்தக் குரல் அவரிடம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

நான்கு நாள் பதில் எழுத முடியவில்லை. உன் மூன்று அத்தியாயங்களை மறுபடி படித்தேன். ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. அம்மா அதில் அப்படியே பேசுகிறாள்.

நீ இறந்துவிட்டாய் என்று எழுதினேன். மீதியை நான் செய்கிறேன், மெதுவாகத்தான் வரும் என்றும் எழுதினேன். நீ செய்ததை அவரிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன். கனமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நீ உட்கார்ந்த இடத்தில் நான். நான்காம் அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி ஒவ்வொரு வரியாக மாற்றுகிறேன். பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது.

"அந்தப் பொண்ணு இருந்தா எப்பவோ முடிச்சிருக்கும்" என்றாள் அம்மா நேற்று, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "பாவம். எவ்ளோ பாசமா இருந்துச்சு உன்மேல."

நான் அகராதியைப் புரட்டினேன்.

"புக்குல அது பேரு வருமாடி?"

"வரும்மா."

"எங்க வரும்?"

"என் பேருக்குக் கீழ."