தாகம் எடுக்காதவள்

மார்ச் 4
மயங்கி விழுந்தேன் என்கிறாள் மகள். சற்று உட்கார்ந்தேன், அவ்வளவே. தோள் தையல் அரை விரல் கோணல் என்று தையற்காரருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. பாவம், மனிதர் பயந்துபோனார். “பிரிச்சுத் தைச்சுத் தரேம்மா, எழுந்திரிங்க!”

மார்ச் 6
உடம்பில் தண்ணீர் போதவில்லையாம். டாக்டர், சின்னப் பெண், விளக்கினாள்: “தண்ணிய வெளிய விடாதேன்னு மூளை ஹார்மோன் அனுப்புது. வயசானா சிறுநீரகம் அதை முன்ன மாதிரி காதுல வாங்கிக்கறதில்ல. தாகமும் சரியா எடுக்காது. மணி பார்த்துக் குடிங்க.”
என் சொல்லைக் கேட்காதவள் மகள் மட்டும்தான் என்றிருந்தேன். சிறுநீரகமுமா?

மார்ச் 7
மகளின் தீர்ப்பு: இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய்விட வேண்டும். அவள் வீட்டில் கரண்டியும் கத்தியும் ஒரே டப்பாவில் கிடக்கும். அங்கே நானா?
ஒரு நாளைக்கு எட்டுக் குவளைத் தண்ணீர். சுவரில் அட்டவணை ஒட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 13
காலையில்தான் என் கை நடுங்காது. எனவே எட்டுக் கட்டத்திலும் அப்போதே டிக் போட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. பத்து மணிக்கு மகள் வந்தாள்.
“ராத்திரி எட்டு மணித் தண்ணியக்கூட குடிச்சாச்சா? பலே!”
கான்வென்ட்டில் ஒழுக்கத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்!
பிறகு கத்தினாள். கத்திக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள், அட்டவணையைப் பிய்த்து விசிறிக்கொண்டாள். வெளியே எங்கள் மலையூரின் மழைக்குளிர், அவள் கழுத்தெல்லாம் வியர்வை. “எனக்கு மட்டும் ஏம்மா இப்படிக் கொதிக்குது?” என்று அழுதேவிட்டாள்.
அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அடடா – எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 14
சொல்வதா, வேண்டாமா? இதையெல்லாம் பேசுவது அநாகரிகம் என்று வளர்ந்தவள். போய்ச் சேர்ந்த என் கணவரிடமே சொன்னதில்லை.

மார்ச் 15
போனில் சொல்லிவிட்டேன். “நீ காலேஜ் சேர்ந்த வருஷம் உன் பெட்டியத் தூக்கி வாசல்ல எறிஞ்சேனே – அதுக்கு நீ காரணம் இல்லடி. மாதவிடாய் நிக்கற நேரம். எனக்கும் இப்படித்தான் கொதிச்சுது.”
அவள் மெதுவாக, “இத்தனை வருஷமா உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேம்மா.”
தண்ணீர் குடித்தேன். யாரும் சொல்லாமலே.

மார்ச் 24
மகள் இங்கே வந்து ஒரு வாரமாகிறது. “உன்னப் பார்த்துக்கத்தான்” என்கிறாள். சரி, அப்படியே இருக்கட்டும். கரண்டிகளை வரிசையாக வைக்கப் பழகிவிட்டாள்.
மணிக்கொரு தரம் குவளையை நீட்டுகிறாள். தாகமில்லை, குடிக்கிறேன்.
“ஜன்னல மூடவாம்மா? குளிருதா உனக்கு?” நெற்றியைத் துடைத்தபடி இப்போதுதான் கேட்டாள்.
குளிரவே இல்லை என்றேன், இரண்டு சால்வைக்குள்ளிருந்து.