ஊற்றாத நெய்

அம்பாஜிபேட்டை,
பிப்ரவரி 2.

அன்புள்ள மங்கதாயாரு அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி சத்தியவேணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் அம்மா, தம்பி, சின்னி எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. ஹாசினி எடுத்து, அம்மா தூங்குகிறாள் என்கிறாள். காலையிலும் தூக்கம், மாலையிலும் தூக்கம். உங்கள் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை அண்ணி, அதில் அவள் அப்படியே அவள் மாமா. கடிதம் என்றால் தூங்குகிறாள் என்று திருப்பி அனுப்ப முடியாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போனை எடுத்திருந்தாலும் இதைப் பேசியிருக்க முடியாது. உங்கள் அம்மாவுக்குக் காது மந்தமானதிலிருந்து இந்த வீட்டில் எல்லாப் போனும் ஸ்பீக்கரில்தான், தெருவுக்கே கேட்கும். உங்களுக்கு வந்திருப்பது மஞ்சள் காமாலை, பத்தியம் இருந்தால் போய்விடும் என்றுதான் அத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஈரல் முழுவதும் கெட்டுப்போனதையோ, தம்பியின் ஈரலில் பாதியை வெட்டி உங்களுக்கு வைக்கப்போவதையோ அவரிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முதலில் உங்கள் தம்பி கதையைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம் ஹைதராபாத்தில் அந்த டாக்டர், இவர் ஈரலிலேயே கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே எடுக்க முடியாது, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார் அல்லவா? ஊருக்கு வந்த மறுநாள் காலையில் நான் உப்புமா வைத்து மடித்த பெசரட்டுத் தோசையை வழக்கம்போல் மூன்றாகப் போட்டேன். இவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த உப்புமாவையும் வழித்து ஓரம் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண வீட்டில் சமையல்காரரே வாளியோடு தேடி வந்து பரிமாறுகிற ஆள், இரண்டு நாள் தாங்குமா என்று நினைத்தேன்.

தாங்கினார். சும்மா ஒன்றும் இல்லை, முணுமுணுத்துக்கொண்டேதான். பாதிச் சோறு, மீதித் தட்டுக்குப் பீர்க்கங்காயும் சுரைக்காயும் கீரையும். பருப்புச் சோற்றில் ஆவக்காய் ஊறுகாய் உண்டு, நெய் கிடையாது. அதைப் பிசையும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் நடை. தனியாகப் போனால் மதகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார் என்று நானும் கூடவே போனேன். மார்க்கெட்டில் தேங்காய் வியாபாரிகள் விடுவார்களா? என்ன சூரிபாபு, தேங்காயா இருந்தவன் கொப்பரையா ஆயிட்ட, எண்ணெய்க்குப் போடலாமா என்று தினமும் கேலி. இவரும் சளைக்காமல், கொப்பரைக்குத்தான்டா விலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வருவார்.

உங்கள் அம்மாதான் பெரிய சோதனை. முதல் நாளே நெய்க்கிண்ணத்தோடு வந்து நின்றுவிட்டார். இவர், வாடபள்ளி வெங்கன்னா சாமிக்கு ஏழு சனிக்கிழமை வேண்டுதல், அதுவரை நெய்யும் கறியும் கிடையாது என்று அந்த நிமிஷம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அப்புறம் சாமி பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நிஜமாகவே வாடபள்ளிக்குப் போய்க் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார். டாக்டர் சொன்ன நடையைவிட அந்தச் சுற்றுதான் கொழுப்பைக் கரைத்தது என்பது என் கட்சி.

அத்தைக்கோ வேண்டுதல் எதற்கென்று யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சின்னிக்கு ஆறு வயதாகிறது, அவளுக்கு ஒரு தம்பி வேண்டாமா, அதற்குத்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மகனுக்குப் போகாத நெய்யெல்லாம் என் தட்டுக்கு வந்தது. சாப்பிடுடி, உடம்புல தெம்பு இருந்தாத்தானே நிக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறை. இவர் இளைத்ததில் பாதி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஏழு சனிக்கிழமை முடிந்தும் டாக்டர் போதாது என்று சொல்ல, இவர் இன்னொரு ஏழு என்று ஆரம்பித்தார். உங்கள் அம்மா இப்போது இரட்டைப் பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிரித்தீர்களா? சிரித்திருந்தால் இனி எழுதப்போவதையும் கோபம் இல்லாமல் படியுங்கள்.

சங்கராந்திப் பண்டிகைக்கு முந்தின வாரம், அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "வேணி, அவனை உங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பண்டிகைச் சாப்பாடு மூணு நாள் போதும். ஸ்கேன்ல வேண்டாம்னு வந்துட்டா யார் மேலயும் குத்தம் இல்ல. உனக்குச் சின்ன குழந்தை இருக்கு. நான் என் வாழ்க்கையை வாழ்ந்தாச்சு." நான் பதில் சொல்வதற்குள் அத்தை வந்துவிட்டார், போனை வைத்துவிட்டேன்.

நான் தியாகி இல்லை அண்ணி. இவர் முதல் முறை இளைத்துத் தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. எடை குறையக் குறையக் கத்தி கிட்டத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியாதா? அவருக்குச் சுரைக்காய் நறுக்கிய கைதான், தினமும் அவருக்காகச் சாமியையும் கும்பிட்டது. நீங்கள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அதனால்தான் பீமவரத்தில் என் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். இந்த வருஷம் என் தங்கைக்குத் தலைப் பண்டிகை, புது மாப்பிள்ளை கிரண் வந்திருந்தான். என் அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எத்தனை வகை வைத்தோம் என்று நாலு தெருவுக்கு எண்ணிச் சொல்லாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது. கூடத்தில் இலைகள் நிறைந்து, இடம் போதாமல் கிண்ணங்கள் தரையெல்லாம் நின்றன. புது மாப்பிள்ளைக்குத் துணையாகப் பெரிய மாப்பிள்ளை உட்கார வேண்டும் என்று இவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வேண்டுதல் கதையை என் அம்மா காதில் வாங்கவே இல்லை. என் சாப்பாட்டைத் தொடாத மாப்பிள்ளை எனக்கு எதற்கு என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு நெய்ச்சட்டியை என் கையில் கொடுத்து, பெண்டாட்டி கையால் ஊற்றினால் எந்தச் சாமி கோபிக்கப்போகிறது, போய் ஊற்று என்று தள்ளிவிட்டாள்.

சூடான நெய். அவர் இலையில் பூர்ணம் வைத்த பூரெலு உருண்டை ஒன்று. பழக்கதோஷத்தில் அதன் நடுவில் விரலால் குத்திக் குழி செய்து வைத்திருந்தார், நெய்க்கு. நான் கரண்டியோடு குனிந்தேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிரணுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"அக்கா உன்கிட்ட பேசியிருப்பான்னு எனக்குத் தெரியும். நீ ஊத்தினா சாப்பிடுறேன் வேணி. அப்புறம் ஒரு நாளும் ஏன்னு கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கிச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் சரக்கை எறக்கவா வேண்டாமா என்று கேட்பாரே, அப்படிக் கேட்டார். நான் ஊற்றியிருந்தால் நிச்சயம் சாப்பிட்டிருப்பார், இன்னும் ஊற்று என்றும் கேட்டிருப்பார். மூன்று நாளும் சாப்பிட்டு, ஸ்கேனில் வேண்டாம் என்று வந்து, எனக்காக வாயைத் திறக்காமல் கடைசிவரை இருந்திருப்பார். அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் இல்லாத வருஷங்களில், ஒவ்வொரு வேளையும் நான் நெய்ச்சட்டியை எந்தக் கையால் எடுத்திருப்பேன்?

கரண்டியை நிமிர்த்திக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன். கிரண் இலையில் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டது, பாவம், பையன் குளித்த மாதிரி எழுந்தான். சமையலறைக்குள் போய் அழுதேன். என் அம்மா, நெய் தீய்ந்த புகை என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். இவர் அந்தப் பூரெலுவைச் சின்னியிடம் கொடுத்துவிட்டு, மோரும் கீரையும் சாப்பிட்டு எழுந்தார்.

ஊர் திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னார். சின்ன வயதில் நீங்கள் உங்கள் பங்கு மாம்பழத்தை அவர் கையில் வைத்து, எனக்குப் புளிக்குது, நீ தின்னு என்பீர்களாம். புளிக்காது என்று அவருக்குத் தெரியுமாம், தெரிந்தே தின்றாராம். அக்கா இப்பவும் அதையேதான் பண்றா, இந்தத் தடவை நான் திங்க மாட்டேன் என்றார்.

ஸ்கேன் நல்லபடியாக வந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார்கள். விருப்பம் இல்லை என்றால் சொல்லம்மா, காரணம் வெளியே தெரியாமல் நிறுத்திவிடுகிறோம் என்றார்கள். எனக்குச் சம்மதம் என்றேன்.

இப்போது நீங்கள் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக உங்கள் வீட்டு அண்ணன், இவர் மார்க்கெட்டில் இருந்த நேரம் பார்த்து போன் செய்தார். என் மேல் கோபம் இருந்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் அந்த மனுஷன் நெய் இல்லாமல் ஆவக்காய்ச் சோறு தின்றிருக்கிறார். நான் அந்தக் கரண்டியை நிமிர்த்தியிருக்கிறேன். அதை வீணாக்க உங்களுக்கு உரிமை இல்லை. அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அழுவார், என்னைத் திட்டுவார், பிறகு நெய்க்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்.

மாசிப் பௌர்ணமி கழிந்ததும் புறப்பட்டு வருகிறோம். அவர் தூக்கத்தில் இடது பக்கம்தான் ஒருக்களிப்பார், மல்லாந்து படுத்தால் பயந்து எழுவார். அங்கே நர்ஸ்களிடம் யாராவது சொல்லி வையுங்கள். அடுத்த சங்கராந்திக்கு நீங்கள் இங்கே வர வேண்டும். அக்காவுக்கும் தம்பிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. நெய்ச்சட்டி என் கையில்தான் இருக்கும்.

இன்னொன்று. அவருடைய பழைய சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கச் சொல்லி உங்கள் அம்மா தினமும் என்னை நச்சரிக்கிறார். நான் கொடுக்கவில்லை. துவைத்து, மடித்து, பீரோவில் அப்படியே வைத்திருக்கிறேன். அவை மறுபடியும் அவருக்குச் சரியாக இருக்க வேண்டும் அண்ணி.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்,
சத்தியவேணி