காலிக் குமிழ்கள்

அன்புள்ள கணவருக்கு,

மரியாதை இந்த ஒரு வரியோடு சரி. இனி நீதான். போனில் பேசினால் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படியைத் திட்டாமல் ஏறுகிறார். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "வாஷர் போட்டா போதாதும்மா, மொத்தமா மாத்தணும்" என்றார். எதைப் பார்த்தாலும் அவர் சொல்வது அதைத்தான்.

நீ அனுப்பிய புகைப்படத்தை அத்தைக்குக் காட்டினேன். அவர் உன் கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "எளைச்சுட்டான்" என்றார். நான் பின்னால் தெரிந்த உன் ஆய்வக மேசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சோதனைக்குழாய் மூடிகளில் எண்கள். உன் கையெழுத்து இல்லை. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு, நீ போடமாட்டாய். நாம் ஒரே ஆய்வகத்தில் இருந்தபோது உன் குழாயில் நான் ஒரு புள்ளி வைத்தாலும் துடைத்துவிட்டு நீயே எழுதுவாய். "என் குழப்பம் என் கையெழுத்துலயே இருக்கட்டும் தாயே" என்பாய். இப்போது பக்கத்து மேசைக்காரி எழுதுகிறாள். அவளைப் பற்றி நீ எழுதும் பத்திகளில் முற்றுப்புள்ளிகள் குறைவு. அதையும் கவனித்தேன்.

பொறாமைதான். வேறு பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் மேல் மட்டும் என்று நினைத்திருந்தேன். நேற்று கல்லூரியில் மாணவர்களுக்குத் திரவம் அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது தெரிந்தது, அந்த மேசை மேலும்தான். அந்த ஆய்வகத்தில் இருந்த ஒரே இடத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். உனக்குக் கிடைத்தது. அன்று நான் சிரித்த சிரிப்பை நீ நம்பினாய். அவளா, மேசையா, எது கனம் என்று தராசில் வைக்கப் பயமாக இருக்கிறது.

அத்தை கேட்டார்: "அங்க அப்படி என்னதாம்மா பண்றான்?" சொன்னேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அறைகள். அங்கே சிட்ரேட் என்று ஒன்று உண்டாகிறது. வெளியே கொழுப்பு தயாரிக்க அது வேண்டும். உள்சுவர் விடாது. அந்தச் சுவரில் ஒரு புரதம், கதவு மாதிரி. ஒரு சிட்ரேட்டை வெளியே விட்டால் பதிலுக்கு மாலேட் என்ற இன்னொன்றை உள்ளே எடுக்கும். சும்மா திறக்காது. அத்தை யோசித்தார். "ஒண்ணு போனா ஒண்ணு வரணுமா? நம்ம வீட்டுலேருந்து ஒருத்தன் போனானே, என்ன வந்துச்சு?" பிறகு அவரே சிரித்தார். நானும்.

சொல்லி முடித்த கையோடு உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். புரதம் செத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பிரித்தெடுத்து, செயற்கைக் கொழுப்புக் குமிழ்களில் பதித்து, வெளியே கதிரியக்க சிட்ரேட் ஊற்றினால் துளிகூட உள்ளே போகவில்லை என்று. மாத இறுதிக்குள் போகாவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று. சிட்ரேட் உள்ளே போனால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான்.

போகிற போக்கில் ஒரு வரி. குமிழ்களுக்குள் வெறும் உப்புக்கரைசல்தான் வைத்தோம், "உள்ள காலியா இருந்தாத்தான் போறது தெளிவா தெரியும்" என்று அவள் சொன்னாள். அவள் குளுக்கோஸ் ஆய்வகத்திலிருந்து வந்தவள் அல்லவா. குளுக்கோஸின் கதவுக்கு அது சரி, காலி அறைக்குள்ளும் விடும். உன் கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் மாற்றுக் கேட்கும்; சிட்ரேட்டை உள்ளே விட்டால் பதிலுக்கு வெளியே அனுப்ப உள்ளே என்ன இருக்கிறது? இதைக்கூட யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதில் போடாவிட்டால் போதும். பொய் சொல்ல வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம். மாதம் முடியும். நீ பெட்டியோடு வாசலில் நிற்பாய். அவள் அங்கேயே இருப்பாள். இந்த எண்ணத்தோடு துணி மடித்தேன், பாத்திரம் கழுவினேன், வகுப்புக்குப் போய் வந்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தோற்று வந்தவனோடு என்னால் வாழ முடியும். தோற்கட்டும் என்று பார்த்திருந்தவளோடு நீ வாழ வேண்டியிருக்கும். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனவே கேள். குமிழ் செய்யும்போதே உள்ளே மாலேட் வை. வெளியே மிஞ்சுவதை வடித்துப் பிரித்துவிடு. அப்புறம் சிட்ரேட். ஒப்பிட்டுப் பார்க்கக் காலிக் குமிழும் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் புரதம் சாகவில்லை.

யார் சொன்னது என்று அவள் கேட்டால் என்ன சொல்வாய்? என் மனைவி என்றா, பழைய சகா என்றா? இரண்டையும் சொல்.

நீட்டிப்புச் செய்தியை அத்தையிடம் நீயே சொல்லிவிடு. அது என்னால் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு. உன் கை தொட்டது துலங்கட்டும். முழு மனதோடு எழுதுகிறேன், முக்கால் மனது என்று வைத்துக்கொள். கதிரியக்கம் எண்ணும் கருவியில் எண்கள் ஏறத் தொடங்கும்போது அவள் உன் பக்கத்தில்தான் நிற்பாள். தெரியும். திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன், எனக்குச் சொல். ஏறுகிறது என்று ஒரே வார்த்தை. அதுவாவது எனக்கு முதலில் வரட்டும்.

உன்னவள்