ஏரிக்குள் ஒரு மைதானம்

1958 வைகாசி, செவ்வாய் இரவு.

கால் கடுக்கிறது, தூக்கம் வரவில்லை. சம்பளத்துக்கு ஆடும் மெட்ராஸ் கால்பந்து அணியை பாகூருக்கு வரவழைக்க ஒரு மாதமாக மைதானம் தேடி அலைந்தேன். எங்கே பார்த்தாலும் வயலும் வரப்பும்தான். கடைசியில், வற்றிக் கிடக்கும் ஏரியை இன்று அவர்கள் மானேஜருக்குக் காட்டினோம். கரையில் ஊரே உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

"ஐப்பசியிலதான் வர முடியும், சம்மதமா?" என்று கேட்டார்.

எங்கள் கோல்கீப்பர் காதர், "எப்ப வந்தாலும் ரெடி சார்" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் பஸ் ஏறியதும், "ஐப்பசியில ஏரி ரொம்பிடுமேடா" என்றேன்.

"தெரியும்பா. அதச் சொன்னா வரமாட்டேன்னுடுவாரு, இன்னா பண்றது?"

இந்த வருஷம் மழை தவறட்டும் என்று மனம் நினைக்கிறது. அந்த ஏரித் தண்ணீரில்தான் என் ஒன்றரைக் காணியும் விளைய வேண்டும்.